யார் கைக்குப் பந்து போகும்

இந்த நாற்காலி நல்ல நாற்காலி, ஐயா. என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்க மாட்டேன். நீங்கள் ஒரு தொகை சொல்வீர்கள், அதில் பாதிக்கு நான் வாங்கித் தருகிறேனே என்று என் வாய் தானாகச் சொல்லிவிடும், உங்கள் மனசு கஷ்டப்படும். பேரம் பேசுகிற வீட்டில் பிறந்தவனுக்கு இந்த நோய் உண்டு. எங்கள் வீட்டில் மருத்துவரிடம் போனால்கூட, "இவ்வளவு மாத்திரையா? கொஞ்சம் குறைச்சுப் போடுங்க" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள்.

வரும்போது பார்த்தேன், உங்கள் ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் கொக்கி உட்கார்ந்திருக்கிறான். அது அவன் பட்டப்பெயர். எங்கள் கல் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவன். என் தங்கையின் கணவர் கிடங்கில் கல் சரிந்து இறந்துபோனதற்குத் தான்தான் காரணம் என்று உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறானாமே. கொடுப்பான். நேற்று பெய்த மழைக்கும் நீதான் காரணம் என்று நீங்கள் சொன்னால் அதற்கும் கையெழுத்துப் போடுவான். அவனை அப்படி ஆக்கி வைத்தாயிற்று. அது எப்படி என்று சொல்லத்தான் வந்தேன்.

ஆனால் அதைக் கிடங்கிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்குப் புரியாது. ஒரு விளையாட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், சுற்றி வளைக்கவில்லை.

மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனி மூடிய பிறகு எங்கள் கிடங்குக்கு வந்தார். என்னைவிட இளையவர். கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வந்தவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைபேசியில் எதையோ பார்த்துத் தனியே சிரித்துக்கொண்டிருப்பார். என்னவென்று கேட்டேன். கூடைப்பந்து என்றார்.

"இந்த வயசுல பந்து விளையாட்டா மாப்ள?"

"இது பந்து விளையாட்டு இல்ல மச்சான். முதலாளி விளையாட்டு. பந்தைத் தொடவே வேண்டாம்."

"அப்ப நம்ம குடும்பத்துக்கு ஏத்ததுதான்."

இப்படித்தான் சேர்ந்தேன். விளையாட்டு இதுதான். இல்லாத ஊரில் இல்லாத ஆட்களைக் கொண்டு நீங்கள் ஓர் அணி நடத்த வேண்டும். ஒவ்வொரு ஆளுக்கும் எண்கள் இருக்கும். வளையத்துக்குப் பக்கத்திலிருந்து போடும் திறமைக்கு ஓர் எண், தூரத்திலிருந்து போட, பாஸ் கொடுக்க, மூச்சு வாங்காமல் ஓட, எல்லாவற்றுக்கும் எண். ஆட்களை ஏலத்தில் எடுக்கலாம், விற்கலாம். யார் இறங்குவது, யார் வெளியே உட்காருவது என்று சொல்லலாம். அதோடு சரி. ஆட்டம் ஆரம்பித்துவிட்டால் மெஷின்தான் ஆடும். இன்னார் பந்தை வாங்கினார், இன்னாருக்குக் கொடுத்தார், அவர் போட்டார், விழவில்லை என்று வரிவரியாக ஓடும். கடைசியில் யார் எத்தனை தடவை போட்டார்கள், எத்தனை விழுந்தது, நூற்றுக்கு எவ்வளவு என்று ஒரு பட்டியல் வரும்.

என் அணிக்குக் 'கருங்கல்' என்று பெயர் வைத்தேன். மாப்பிள்ளை தன் அணிக்குப் 'பக்கத்து வீட்டுப் பசங்க' என்று வைத்திருந்தார். பெயரைப் பார்த்தாலே தெரியும், தோற்கத்தான் லாயக்கு என்று. வாரம் தவறாமல் என்னைத் தோற்கடித்தார்.

எனக்கு ஏலம் தெரியும். அந்த விளையாட்டில் கிடைத்ததிலேயே சிறந்த ஆள் ஒருவனை எடுத்துவிட்டேன். எங்கிருந்து போட்டாலும் விழும். ஆனால் பட்டியலைப் பார்த்தால் அவன் போட்டது ரொம்பக் குறைவு. ஒன்றுக்கும் உதவாத இன்னொருவன் அவனைவிட அதிகமாகப் போட்டிருப்பான். மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

"இவன எதுக்கு இவ்ளோ கொடுத்து வாங்கினேன்? போடவே மாட்டேங்கிறான்."

"மெஷின் யாரு ரொம்பக் கெட்டிக்காரன்னு கேக்காது மச்சான். பந்து இப்ப கையில இருக்கிறவன் போட்டா விழுமா, இல்ல பக்கத்துல இருக்கிறவனுக்குக் கொடுத்தா இன்னும் நல்லா விழுமா, அத மட்டுந்தான் பார்க்கும். ஒவ்வொரு பாஸுக்கும் புதுசா பார்க்கும். இருபத்துநாலு வினாடிக்குள்ள போட்டாகணும், அது முடியப் போகுதுன்னா யாரு கையில இருக்கோ அவன் தலையில கட்டிடும்."

"இவனப் போடுன்னு நான் சொல்ல முடியாதா?"

"முடியாது. அதுக்குப் பட்டனே கிடையாது. அதான் இதுல அழகு."

அவர் அழகு என்று விட்டுவிட்டார். நான் விடவில்லை. பொருள் கையை விட்டுப் போகும் வரைக்கும் யோசிக்கிற பழக்கம் எங்களுக்கு. பல்லுக்குள் மாட்டிய நார் மாதிரி அது உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகு ஒருநாள் பிடிபட்டது. ஒருவனே போட வேண்டும் என்றால் அவனை உயர்த்தத் தேவையில்லை. அவனைத் தொடவே வேண்டாம். மற்ற நான்கு பேரையும் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும். பந்து யார் கையில் இருந்தாலும், நான் போடுவதைவிட அவனிடம் கொடுப்பதே மேல் என்று ஆகிவிடும். சுற்றிச் சுற்றி அவனிடமே வரும்.

செய்து பார்த்தேன். பரவாயில்லாத ஆட்களை வெளியே உட்கார வைத்துவிட்டு நான்கு மொக்கைகளை இறக்கினேன். அந்த ஆட்டத்தில் ஏறக்குறைய எல்லா ஷாட்டையும் என் ஆள்தான் போட்டான். அடுத்ததிலும் அப்படியே. எனக்கு உண்டான சந்தோஷத்தை உங்களிடம் எப்படிச் சொல்வது. ஒரு வார்த்தை கட்டளையிடாமல் ஒருவனை ஓட வைத்துவிட்டேன்.

ஒன்றைக் கவனித்தேன். எல்லாவற்றையும் அவனே போடப் போட, நூற்றுக்கு விழுவது குறைந்துகொண்டு வந்தது. களைத்துப்போகிறான். களைத்தாலும் மெஷின் விடாது, ஏனென்றால் களைத்த அவன் களைக்காத மற்ற நால்வரைவிட இன்னும் கொஞ்சம் மேல். மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார்.

"பாவம் மச்சான் அவன். ஒரு ஆட்டமாவது வெளிய உக்கார வைங்க."

பாருங்கள், எண்ணுக்குப் பாவம் பார்க்கிற மனிதர். நான் உட்கார வைக்கவில்லை. கொஞ்ச காலத்தில் அவனுக்குக் கால் போய்விட்டது என்று ஒரு வரி வந்தது. விற்கப் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. ஆனால் ஷாட் எப்படிப் பங்காகிறது என்று நான் எழுதிய விளக்கத்தை அந்த விளையாட்டின் பேச்சுப் பக்கத்தில் இன்றைக்கும் புதியவர்களுக்குக் காட்டுகிறார்கள். முகம் தெரியாத எத்தனையோ பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கிடங்கில் எனக்கு யாரும் நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை.

இனிக் கிடங்குக்கு வருகிறேன்.

எங்கள் கிடங்கிலும் ஐந்து பேர். அப்பா, நான், மாப்பிள்ளை, கொக்கி, அளவெடுக்கிறவர். அவரை டேப்பு என்று கூப்பிடுவோம். வாடிக்கையாளரிடம் பேசுவது, கல்லைத் தேர்ந்து காட்டுவது, இறக்குவது, அறுக்கக் கொடுப்பது, புகார் வந்தால் போய்ச் சமாதானம் சொல்வது, எல்லாம் இந்த ஐந்து பேருக்குள் முடிந்துவிடும். அப்பாவுக்கு வயதாகிறது. தான் உட்காரும் இடத்தை யாரிடம் விடுவது என்று அவர் யோசிப்பது எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் வீட்டில் சாப்பிடும்போது என் தங்கை நேரடியாகவே கேட்டாள். அவளுக்கு வாய் ஜாஸ்தி.

"கல்லு யாரு சொன்னாக் கேக்குதோ, அவன் உக்காரட்டும்," என்றார் அப்பா.

கல் மாப்பிள்ளை சொன்னால் கேட்டது. அதில் பொய்யில்லை. ஒரு கல் ஸ்லாப்பைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே விரிசல் இருக்கிறது என்பார், இருக்கும். விலை சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்பார், எதிரில் இருப்பவர் தானாக ஏறிவருவார். நான் தொண்டை வற்றப் பேசி வாங்குவதை அவர் சும்மா நின்று வாங்குவார். எனக்குப் பொறாமை கிடையாது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் கேட்டு நேரம் போக வேண்டாம். எனக்கு அவரைப் பிடிக்கும். அப்பாவுக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். அவரும் தவறவிடுவார் என்பது. அதிகமாகப் போடுகிறவன் அதிகமாகத் தவறவிடுவான், அது கணக்கு. அதற்கு அவரிடம் நிறைய ஷாட் போக வேண்டும். அவரை நான் தொடவில்லை, ஐயா. மற்ற நான்கு பேரைத்தான் பார்த்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு ஒரு நாற்காலி வாங்கினேன். சுழல்கிற நாற்காலி, தலைக்குச் சாய்மானம், காலுக்குத் தனியாக ஒரு முக்காலி. வாடிக்கையாளர் வந்ததும் அவர் எழுந்திருக்கப் போவார். "நீங்க உக்காருங்கப்பா, நாங்க எதுக்கு இருக்கோம்" என்பேன். எல்லோரும் என்னைப் பெருமையாகப் பார்ப்பார்கள். ஒருவரை உட்கார வைக்க மரியாதையைப்போல வசதியானது வேறில்லை. கொஞ்ச நாளில் அவர் கல் பக்கம் வருவதே நின்றுவிட்டது.

டேப்பைப் பாராட்டினேன். இவர் வந்து அளந்தால்தான் சமையலறை மேடை சரியாக உட்காரும், வேறு யார் அளந்தாலும் இடுக்கு விழும் என்று வருகிறவரிடமெல்லாம் சொன்னேன். எல்லோரும் அவரையே வீட்டுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் கிடங்கில் நிற்கும் நேரமே குறைந்துபோயிற்று. அவருக்கும் என் மேல் பிரியம் கூடிற்று.

கொக்கிக்கு ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது. ஒரு ஸ்லாப்பின் மூலை உடைந்திருந்தது. லாரியிலிருந்து இறங்கும்போதே உடைந்துதான் வந்தது, நான் பார்த்தேன். அதை அவன் கிரேனில் தூக்கி வைத்ததும் வாடிக்கையாளர் முன்னால் மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டேன்.

"கொக்கி, கை நடுங்குதா? வீட்ல எல்லாம் சௌக்கியந்தானே?"

"இல்ல முதலாளி… நான் பதமாத்தான் வச்சேன்."

"தெரியும்பா. நீ வேணும்னா செய்வ? உடம்பப் பாத்துக்க."

திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பான். அவனுக்கு நல்ல வாய் உண்டு, அப்பாவையே எதிர்த்துப் பேசியவன். நான் திட்டவில்லையே. அன்றிலிருந்து அவன் தன் கையைத் தானே சந்தேகப்பட ஆரம்பித்தான். மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்று ஸ்லாப்பைப் பிடித்தால்தான் கிரேனை நகர்த்துவான்.

நான்காவது ஆள் நான். முதுகுக்கு ஒரு பட்டை வாங்கிக் கட்டிக்கொண்டேன். இதோ, இப்போதும் கட்டியிருக்கிறேன், பழகிவிட்டது.

எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் நடந்தது. யார் வந்தாலும் "மாப்ள எங்க?" என்றார்கள். அப்பா நாற்காலியிலிருந்து "மாப்ள எங்க?" என்பார். கொக்கி மேலிருந்து "மாப்ள எங்க?" என்பான். டேப்பு போன வீடுகளில் ஏதாவது இடக்கு வந்தால் "மாப்ளைய அனுப்புங்க" என்பார். மாப்பிள்ளைக்கு ஆரம்பத்தில் சந்தோஷம்தான். கூப்பிடுகிற குரலுக்கெல்லாம் ஓடினார். பிறகு சட்டை தொளதொளத்தது. மதியத்தில் அந்த விளையாட்டைத் திறப்பதை விட்டுவிட்டார். அவருடைய அணி கவனிப்பாரில்லாமல் தோற்றது. நான் முதல் தடவையாக அவரை வென்றேன். சொன்னேன். "அப்படியா மச்சான்? நல்லது" என்று சொல்லிவிட்டுக் கல் தூக்கப் போய்விட்டார்.

தங்கை ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அவரு தூக்கத்துல கூட கைய விரிச்சுக்கிட்டே தூங்குறாரு. கல்லப் பிடிக்கிற மாதிரி. நீங்க கொஞ்சம் பங்கு போட்டுக்கக் கூடாதா?"

"முதுகும்மா. தெரியாதா உனக்கு?"

"நேத்து எங்க வீட்டுக் கட்டிலத் தூக்கித் திருப்பிப் போட்டீங்களே, அது யாரு முதுகு?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே நான் சிரித்தால் அவளுக்குக் கோபம் நிற்காது.

ஆனால் கணக்கு ஓர் இடத்தில் இடித்தது. மாப்பிள்ளை தவறவிடவில்லை. இத்தனை வேலை விழுந்தும் நூற்றுக்கு விழுவது குறையவில்லை. இளைத்தார், கண்ணுக்குக் கீழே கறுத்தார், ஆனால் எடுத்ததெல்லாம் நடந்தது. விளையாட்டில் அப்படி ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. மெஷினில் அப்படி ஓர் எண் இல்லை. எல்லோர் முன்னாலும் அவரை நான் கஷ்டப்பட்டு உயர்த்திக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

பிறகு அப்பா அலுவலக அறையில் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னார், "வர்ற வாரத்துலேருந்து மாப்ள இங்க உக்காரட்டும்."

அதுகூடப் பெரிதில்லை, ஐயா. நான் எதிர்பார்த்ததுதான். மாப்பிள்ளை சொன்ன பதில்தான். என் பட்டையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"மச்சான் உக்காரட்டும் மாமா. அவருக்கும் முதுகு முடியல. நான் கல்லுக்கிட்டயே இருந்துக்கறேன்."

"அவனா? அவனுக்கு இங்கேருந்து எழுந்திருக்கவே ரெண்டு பேரு வேணும்," என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். கொக்கி சிரித்தான். டேப்பு சிரித்தார். நானும் சிரித்தேன், நகைச்சுவை நன்றாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. என் அணியில் கால் போன அந்த ஆளைப் பற்றிப் பேசும்போது அவருக்கு ஒரு குரல் வந்ததே, பாவம் மச்சான் அவன் என்று, அதே குரலில்தான் எனக்காகவும் பேசியிருந்தார். தன் கையில் இருந்த பந்தை இரக்கப்பட்டு எனக்குக் கொடுக்கப் பார்த்தார். வாங்குகிறவன் நிலைமை என்ன என்று கொடுக்கிறவர்கள் யோசிப்பதில்லை.

இப்போது நீங்கள் எழுத வேண்டிய இடம். கொஞ்சம் தொழில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்லாப் என்பது ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் கல் பலகை. அதைப் படுக்க வைக்க முடியாது, உடையும். கூடாரம் மாதிரி இரண்டு பக்கமும் சரிந்த இரும்பு ஸ்டாண்டில், இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைப்போம். இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்கும் வரை அது மலை மாதிரி நிற்கும். ஒரு பக்கத்தை மட்டும் காலி செய்தால் மறுபக்கம் சாயக் காத்திருக்கும். அந்த நிலையில் கனமான பக்கத்து முன்கல்லை நிமிர்த்த யாராவது தன் பக்கம் இழுத்தால், ஸ்டாண்டோடு எல்லாம் அவர் மேல் வரும். அதனால் எங்கள் தொழிலில் இங்கே ஒன்று எடுத்தால் அங்கே ஒன்று எடுப்போம். வேறு வழியில்லாமல் ஒரே பக்கத்தில் எடுக்க நேர்ந்தால், எடுத்தவர் தன் கையுறையைக் கழற்றி அந்த ஸ்டாண்டின் உச்சியில் மாட்டிவிட வேண்டும். சமன் செய்த பிறகுதான் கையுறை அவர் கைக்குத் திரும்பும். எங்கும் எழுதி வைத்த விதி இல்லை. உச்சியில் கையுறை தொங்கினால் குடிகாரன்கூட அந்த ஸ்டாண்டைத் தொட மாட்டான்.

முன்பெல்லாம் ஐந்து பேருடைய கையுறைகளும் அங்கங்கே தொங்கும். கல் எடுக்கப் போகிறவர் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார். நான் சொன்ன ஏற்பாட்டுக்குப் பிறகு கல்லைத் தொடுகிற ஆள் ஒருவர்தானே. தொங்கினால் அவருடைய கையுறைதான் தொங்கும். தன் கையுறை தன் கையில் இருந்தால் எல்லா ஸ்டாண்டும் சமம் என்று அவருக்குப் பழகிப்போயிற்று. அண்ணாந்து பார்ப்பதும், எண்ணிப் பார்ப்பதும் நின்றுபோயிற்று. எல்லாப் பந்தையும் தானே போடுகிறவன் மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பதை நிறுத்திவிடுவான். இது என் விளக்கத்தில் இல்லை. கிடங்கில்தான் கற்றுக்கொண்டேன்.

மாப்பிள்ளையை ஒரு புகாருக்காக வெளியே அனுப்பிவிட்டுக் கொக்கியைக் கூப்பிட்டேன். ஒரு வீட்டுக்காரர் கறுப்புக் கல் கேட்டிருந்தார். கோடுகள் ஒன்றோடொன்று சேர வேண்டும் என்பதால் வரிசையாக ஒரே பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும் என்றேன். அது உண்மையும்கூட. கொக்கி தயங்கினான்.

"மாப்ள வந்துரட்டும் முதலாளி. இந்தப் பக்கமே எடுத்தா ஒருசாஞ்சு நிக்கும்."

"நான் இருக்கேன்ல. எடு."

எடுத்தான். மெதுவாக, சத்தமில்லாமல், ஒரு மூலைகூட உரசாமல் எடுத்து லாரியில் ஏற்றினான். கை நடுங்கவே இல்லை. நன்றாகச் செய்தாய் என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. முடிந்ததும் கையுறையைக் கழற்றப் போனான்.

"நான் மாட்டிடறேன். நீ போயி டீ குடி."

போய்விட்டான். இதை அவன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். சொல்லியிருந்தாலும், "முதலாளி சொன்ன மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு" என்றிருப்பான். தன் கையையே நம்பாதவன் தன் காதை எப்படி நம்புவான்? கிரேன் ஓட்டினவன்தான் மாட்ட வேண்டும் என்பது வழக்கம், அதனால் மறந்தது தான்தான் என்று அவனே தீர்ப்பு எழுதிக்கொண்டான்.

நான் மாட்டவில்லை. மாட்டுவதற்கு என்னிடம் கையுறையும் இல்லை, முதுகு வலிக்காரனுக்கு எதற்குக் கையுறை? மழை வரும்போல் இருந்தது, தார்ப்பாயை இழுத்து இரண்டு பக்கமும் மூடினேன். கல் நனைந்தால் கறை பிடிக்கும்.

மறுநாள் கனமான பக்கத்துக் கல்லைக் கேட்டு ஒரு கணவன் மனைவி வந்தார்கள். மழை விடவில்லை, அவசரமாகப் போக வேண்டும் என்றார்கள். அப்பா வழக்கம்போல், "மாப்ள எங்க?" என்றார். நான் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, "அதோ இருக்காரு பாருங்க, அவர்ட்ட கேளுங்க" என்றேன். அவ்வளவுதான். விளையாட்டின் மொழியில் அதற்குப் பாஸ் என்று பெயர். தார்ப்பாயின் ஒரு பக்கத்தை மட்டும் மாப்பிள்ளை தூக்கினார். உச்சியைப் பார்க்கவில்லை. முன்கல்லை நிமிர்த்த இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்தார். வந்தவர்களை மட்டும், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மேல தூசி படும்" என்று ஓரமாக அனுப்பியிருந்தார். அது அவர் பழக்கம்.

கல் விழும் சத்தத்தை வைத்தே எத்தனை கல் என்று எங்களுக்குத் தெரியும். நான் எண்ணவில்லை. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார், யாருடைய உதவியும் இல்லாமல். "மாப்ள எங்க?" என்று கேட்டார். கொக்கி மேலிருந்து எப்படி இறங்கினான் என்று தெரியாது, வெறும் கையால் கல்லைத் தூக்கப் பார்த்தான். கிரேன் இருக்கிறது என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

அதன் பிறகு நான் எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது ஒன்று. ஐந்து பேரில் மேலே இருப்பவன் போனால் பந்து அடுத்தவனுக்கு வர வேண்டும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. வரவில்லை. வாடிக்கையாளர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். இறந்துவிட்டார் என்று சொன்னால், அப்படியானால் பிறகு வருகிறோம் என்கிறார்கள். அப்பா காலையில் கண் விழித்ததும் அவரைத்தான் கேட்கிறார். சொல்கிறோம், அழுகிறார், மதியம் மறுபடி கேட்கிறார். என் தங்கை என்னிடம் எதுவும் கேட்பதில்லை. முந்தாநாள் ஒரு பெரிய பெட்டியை அவளே இழுத்துக்கொண்டிருந்தாள். நான் தூக்குகிறேன் என்று போனேன். "உங்களுக்கு முதுகு அண்ணே" என்றாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

எனக்காக வரவில்லை, ஐயா. வெளியே ஒரு நிரபராதி உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு நியாயம் கிடைக்க வேண்டும், அதற்காகத்தான் வந்தேன். நான்கு பேரை இறக்கி, ஒருவனைத் தனியாக நிறுத்தி, அவன் கண்ணிலிருந்து காலிப் பக்கத்தை மறைத்து, ஒரு விரல் நீட்டி முடித்த காரியம் இது. இதைப் போய்க் கொக்கியின் மறதி என்று எழுதியிருக்கிறீர்களே. அவனுக்கு டீயைக்கூட ஐந்து பேருக்குச் சமமாக ஊற்றத் தெரியாது.

நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள்.

என் தோளில் கை வைக்கிறீர்கள். "துக்கத்துல என்னென்னவோ தோணும். தங்கச்சி புருஷன் ஆச்சே. முதுக வேற வச்சுக்கிட்டு இவ்ளோ தூரம் அலையாதீங்க, வீட்டுக்குப் போங்க" என்கிறீர்கள். என்னைப் பற்றி அப்பாவிடம் முன்பே கேட்டதாகவும் சொல்கிறீர்கள். அவனுக்கு அந்த அளவுக்குச் சாமர்த்தியம் கிடையாது என்று அவர் சொன்னாராம். சொல்லியிருப்பார்.

முதுகில் ஒன்றும் இல்லை. இதோ பட்டையை அவிழ்க்கிறேன், பாருங்கள். வேண்டுமானால் இந்த மேசையைத் தூக்கிக் காட்டுகிறேன். போகச் சொல்லாதீர்கள், ஐயா. பேனாவைத் திறங்கள். கொக்கி செய்தது என்று எழுதிய தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுங்கள். நான் நிதானமாகச் சொல்கிறேன், ஒரு வரி விடாமல் எழுதுங்கள். இந்த ஒன்றையாவது நான் போட்டதாக எழுதுங்கள்.